கசக்கும் இலை, மணக்கும் பூ

லண்டனின் கிழக்கு விளிம்பில் இருக்கும் ஹரால்டு ஹில்லில் தோட்டம் போடுகிறவர்கள் மானையும் கணக்கில் வைத்துத்தான் செடி வாங்க வேண்டும். 2020 ஊரடங்கின்போது டாக்னம் பூங்காப் பக்கத்து ஃபாலோ மான்கள் வீட்டு முன் புல்தரைகளில் படுத்துக் கிடந்ததைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். நம் புள்ளிமானின் சாயல் கொண்டவை. நம் கேளையாட்டுக்கு உறவான சீனத்து மன்ட்ஜாக் மானும் புறநகர்த் தோட்டங்களில் மேய்கிறது. ரோஜாத் துளிர் கண்டால் இரண்டும் விடா.

அந்த வாய்களுக்குத் தப்பி, குளிர்காலம் முழுக்கப் பச்சை மாறாமல் நின்று, மணக்கவும் செய்யும் ஒரு புதர் உண்டு: சார்கோகோக்கா கன்ஃப்யூசா. இங்கே ஸ்வீட் பாக்ஸ் என்றால் நர்சரியில் எடுத்துத் தருவார்கள்.

முதலில் இலை. சுண்டுவிரல் நீளம், கூரிய நுனி, லேசாக நெளியும் விளிம்பு. எண்ணெய் வைத்து வாரிய தலைபோலக் கரும்பச்சையில் ஒரு மினுக்கம். அந்த அழகுக்குள் ஆல்கலாய்டுகளின் கசப்பு இருக்கிறது. பசி முற்றிய மான் எதையும் கடித்துப் பார்க்கும்தான். ஆனால் வேறு தழை இருக்கும்வரை இதன் பக்கம் வராது.

பூவைக் காண இலையைச் சற்று விலக்க வேண்டும். டிசம்பர் கடைசியில், இலைக் கக்கத்தில், தந்த நிறத்தில் சின்னஞ்சிறு கொத்து. இதழே கிடையாது; மகரந்தத் தாள்கள் மட்டும் வெள்ளை வெள்ளையாக நீட்டிக்கொண்டிருக்கும். மேலே ஆண்பூ, அடியில் பெண்பூ. பக்கத்திலேயே போன வருடப் பூ காய்த்துக் கனிந்த பளபளப்பான கருமணிகள். ஒரே காம்பில் இரண்டு வருடங்களையும் பார்த்துவிடலாம்.

மணம் தேன் மணம். மூக்கைக் கொண்டுபோய் வைப்பதைவிட நாலடி தள்ளி நின்றால்தான் அதன் முழு வீச்சு தெரியும். குளிரில் பறக்கிற பூச்சிகள் சொற்பம். அவற்றை இழுக்க நிறத்தையோ உருவத்தையோ இந்தப் பூ நம்பவில்லை. தொலைவு போகும் வாசனையை நம்பியிருக்கிறது. இளவெயில் அடிக்கும் நண்பகலில் ஒரு பம்பிள்பீ வந்து கொத்தில் தொங்கினால், அந்த நம்பிக்கை பலித்தது என்று பொருள்.

இதற்குத் துணையாக டாப்னே போலுவா வைக்கலாம். நேபாளத்தில் லோக்தா காகிதம் செய்வது இதன் பட்டையில்தான். 1982இல் ஹில்லியர் நர்சரியில் உருவான ‘ஜாக்குலின் போஸ்டில்’ வகை இங்கே பிரபலம். வெளியே ஊதா கலந்த இளஞ்சிவப்பு, உள்ளே வெண்மை, மணமோ தெருவரை வரும். செடி முழுவதும் நஞ்சு என்பதால் மானும் ஒதுங்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம் வேண்டும்.

ஸ்வீட் பாக்ஸை வாசற்படிக்குப் பக்கத்திலேயே நடுங்கள். ஜனவரியில் யாரும் தோட்டத்தில் உலாவுவதில்லை. சாவியைத் தேடும் அந்த நேரத்துக்குள் மணம் வந்து சேர வேண்டும். வடக்குச் சுவரின் நிழல் போதும். லண்டன் களிமண்ணில் மக்கிய உரம் கலந்தால் போதும். பூ முடிந்ததும் லேசாகக் கத்தரித்தால் போதும். மல்லிகை மணத்தில் வளர்ந்த மூக்குக்கு இந்தக் குளிர்நாட்டில் இதைவிட நல்ல மாற்று எனக்குத் தெரியவில்லை.