இடக்கையும் வலது மூளையும்

பீச்சாங்கையால் எழுதியதற்காகப் பெரியகுளத்தில் அடிவாங்கிப் படித்தவன் நான். இன்று அதே ஊர்ச் சுவரில் 'வலது மூளையைத் தூண்டுவோம்' என்று பயிற்சி வகுப்பு நோட்டீஸ்.

சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில் கலிபோர்னியாவில், வலது மூளை அடிபட்டு இடக்கை விழுந்துபோனவர்களைப் பரிசோதித்தார். 'கை நல்லாத்தான் இருக்கு' என்று சாதித்தார்கள் சிலர். இடது மூளை பழைய கதையைக் காப்பாற்றும், வலது அதைக் கலைக்கும் என்பது அவர் விளக்கம். நோயிலிருந்து பிறந்த கருதுகோள் இது. ஆள் பிரிக்கும் அளவுகோல் அல்ல.

2013இல் யூட்டா பல்கலைக்கழகத்தார் 1011 பேரின் மூளைப்படங்களைப் பார்த்தார்கள். இரு பக்கத்துக்கும் வேலைப் பிரிவினை தெரிந்தது. 'வலது மூளைக்காரர்' என்றொரு ஆள்வகை தெரியவில்லை.

சாதி வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களின் பிரிவினை என்றார் அம்பேத்கர், 1936இல். சாதிகளை இடங்கை, வலங்கை என்று அணிபிரித்த மண் இது. பிள்ளைகளை இப்போது எந்த அணியில் நிறுத்தப் பார்க்கிறோம்?