சுங்கம் தவிர்த்த சோழனும் கடாரமும்

முதற் குலோத்துங்கன் (1070–1122) 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் போற்றப்பட்டான் என்பதைத் தமிழ் பயின்றோர் யாவரும் அறிவர். இச்சிறப்புப் பெயரோடு ஆனைமங்கலச் சிறிய செப்பேட்டையும் இணைத்து, சோழநாடும் கடாரமும் தத்தம் துறைகளில் மற்றவர் கலங்களுக்குச் சுங்கம் நீக்கிக்கொண்டன என்று கூறுவாரும் உளர். கடாரமே கெடா என்று கொள்ளும் நமக்கு இது செவிக்கினிய செய்தி. ஆயினும் இதற்குச் சான்று உண்டா என்பதை ஆராய்தல் நம் கடன்.

முதற்கண் செப்பேடு கூறுவதைக் காண்போம். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் கடாரத்து அரசர் எடுப்பித்த பௌத்தப் பள்ளி. முதலாம் இராசராசன் 1006-ஐ ஒட்டி அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். அவன் மகன் இராசேந்திரன் 1025-இல் கடாரத்தின்மேற் படை செலுத்தினான். அப்பகை தணிந்த பின்னர், 1090-இல், கடாரத்தரசனுடைய தூதர் இருவர் வேண்டிக்கொண்டபடி, பள்ளிக்குரிய ஊர்களின் வரிகள் சிலவற்றைக் குலோத்துங்கன் நீக்கினான். அவ்வரிகளுள் 'சுங்கமேரை' என ஒன்று காணப்படுதலே மயக்கத்திற்குக் காரணம். மேரை என்பது விளைச்சலிலிருந்து கொடுக்கும் பங்கு. ஊர் நிலத்தார் இறுக்கும் வரிகளின் வரிசையிலேயே அது நிற்கின்றது. கலம், துறை, பண்டம் ஆகியவற்றின்மேல் எழுந்த ஆயமாக அதனைக் கொள்ள இடமில்லை.

துறைமுகச் சுங்கத்தைப் பற்றிய சாசனம் எவ்வாறிருக்கும் என்பதற்குக் காகதீய மன்னன் கணபதிதேவனின் மோட்டுப்பள்ளிக் கல்வெட்டு (1244) நல்ல சான்று. அதில் கடல்வழி வரும் வணிகருக்கு அபயம் அளிக்கப்படுகின்றது. புயலால் கரை ஒதுங்கிய கலத்தின் பொருளை அரசர் கவர்ந்த பழைய வழக்கம் ஒழிக்கப்படுகின்றது. சுங்கம் முப்பதில் ஒரு பங்கு என வரையறுக்கப்படுகின்றது. ஆனைமங்கலச் சிறிய செப்பேட்டில் இத்தகைய சொல் ஒன்றேனும் உண்டா? இல்லை.

இனி, கடலுக்கு அப்பால் நோக்குவோம். சுமத்திராவின் பாரூசை அடுத்த லோபு துவாவில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் நாட்டியது அது. அங்கு வந்தடையும் கலத்தார், கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன்னாக ஆயம் செலுத்த வேண்டும் என்பது அதன் செய்தி. செப்பேட்டுக்கு இரண்டே ஆண்டு முற்பட்டது இக்கல்வெட்டு. சோழநாட்டில் சுங்கம் தவிர்ந்த காலத்திலும், இத்தீவுப் பகுதியில் தமிழ் வணிகரே ஆயம் பெற்றனர் என்பது இதனால் வெளிப்படை.

'சுங்கம் தவிர்த்த' என்னும் பட்டம், இன்ன துறையில் இன்னார்க்கு என்று வகுத்துரைப்பதன்று. கப்பற் சுங்கத்தையே அவன் நீக்கினான் என்று வைத்துக்கொண்டாலும், அது ஒருவன் தானே அளித்த கொடையாகுமேயன்றி, இருவர் செய்துகொண்ட உடன்பாடாகாது. கைக்கிளையை அன்பின் ஐந்திணை எனல் பொருந்துமோ? பினாங்கு 1786-இல் ஆங்கிலேயர் வசமானபோது சுங்கமற்ற துறையாகத் திறந்துவிடப்பட்டது. எந்நாட்டாரிடமும் அதற்குக் கைம்மாறு கேட்கவில்லை. அது ஒருதலை விலக்கு. 1992-இல் ஆசியான் நாடுகள் தம்முள் இறக்குமதிச் சுங்கத்தைக் குறைத்துக்கொள்ள ஒப்பந்தம் செய்தன. ஒருவர் குறைத்தால் மற்றவரும் குறைக்க வேண்டும் என்பது அதன் விதி. இதுவே இருதலை விலக்கு. கடாரம் தன் துறையில் சோழர் கலங்களுக்கு என்ன சலுகை அளித்தது என்று செப்பேடு ஒரு சொல்லும் கூறவில்லை. ஒரு கை மட்டும் தெரியும்போது ஓசை கேட்டதாகக் கூறுதல் முறையன்று.

இவ்வளவு நுணுகி நோக்குவதன் பயன் யாதெனின், நம் மாணவர் நலனே. தோட்டப்பள்ளியில் ஆறாண்டு பயின்றபின், அவர்கள் இடைநிலைப் பள்ளியில் மலாய், சீன மாணவரோடு ஒரே வகுப்பில் அமர்ந்து வரலாறு கற்கின்றனர். நாம் ஊட்டிய பெருமைக்கு அங்கே சான்று கேட்கப்படும். சான்றில்லாத பெருமை முதற் கேள்வியிலேயே சரியும். சரியும்போது, உண்மைப் பெருமையையும் உடன் இழுத்துக்கொண்டு போகும்.

அவ்வுண்மைப் பெருமைதான் சிறியதா? தந்தை வழங்கிய கொடைக்குப் பின் மகன் காலத்தில் போர் மூண்டது. போர் முடிந்து அறுபத்தைந்து ஆண்டுக்குள், அதே கடாரத்தின் தூதர் சோழன் அவைக்கு வந்து உரிமையோடு வேண்டினர். சைவ மன்னனும் வேற்று நாட்டார் எடுத்த பௌத்தப் பள்ளிக்கு வரி நீக்கித் தந்தான். இதனைச் சொல்லுவோம், இதற்குச் செப்பேடே சான்று.