அழும் குழந்தைகளும் கொதித்த இணையமும்: ஜில் கிரீன்பெர்கின் படங்களை முன்வைத்து

2006-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பால் கோப்பைக்கின் கலைக்கூடத்தில் ஒரு புகைப்படக் கண்காட்சி நடந்தது. பெயர் 'எண்ட் டைம்ஸ்'. தமிழில் யுகமுடிவு என்று சொல்லலாம். படங்களை எடுத்தவர் ஜில் கிரீன்பெர்க். பத்திரிகை அட்டைகளுக்கும் விளம்பரங்களுக்கும் பிரபலங்களைப் படமெடுத்துப் பேர் வாங்கியவர். குரங்குகளை ஸ்டுடியோவில் உட்காரவைத்து, மனிதர்களை எடுப்பதுபோலவே எடுத்த வரிசையும் அவருடையதுதான்.

'எண்ட் டைம்ஸ்' வரிசையில் இருப்பவர்கள் குழந்தைகள். இரண்டு, மூன்று வயசுப் பிள்ளைகள், மார்பளவுக்கு மட்டும். எல்லாரும் அழுகிறார்கள். பின்னணியில் எதுவும் கிடையாது. நீலம் படிந்த ஒரு வெளிர் நிறம் மட்டும்தான். கன்னத்தில் கண்ணீர் கண்ணாடிமணி மாதிரி மின்னுகிறது. படமெடுத்த முறை எளிது. பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போதே குழந்தை கையில் ஒரு லாலிபாப்பைக் கொடுப்பார்கள். அது ருசி கண்டதும் பிடுங்கிக்கொள்வார்கள். மீதியைக் குழந்தை பார்த்துக்கொள்ளும். தானாகவே அழுத குழந்தைகளும் உண்டு.

இதற்கு மேல்தான் தலைப்புகள் வருகின்றன. ஒரு படத்துக்கு 'ஃபோர் மோர் இயர்ஸ்' என்று பெயர்; இருக்கும் அதிபருக்கே இன்னும் நாலு வருஷம் கொடு என்று அமெரிக்கத் தேர்தல் மேடைகளில் எழுப்பும் கோஷம் அது. இன்னொன்றுக்கு 'கிராண்ட் ஓல்ட் பார்ட்டி'. குடியரசுக் கட்சியின் செல்லப்பெயர். இன்னொன்று 'டார்ச்சர்'. ஜார்ஜ் புஷ் 2004-இல் இரண்டாம் முறை ஜெயித்திருந்தார். இராக் போர் நடந்துகொண்டிருந்தது. அபு கிரைப் சிறைப் படங்கள் வெளிவந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆக, குழந்தைகள் அமெரிக்க அரசியலை நினைத்து அழுகிறார்கள் என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் எடுத்த ஒரு பையன் திடீரென்று அழ ஆரம்பித்தபோது, நாட்டு நடப்பைப் பார்த்துத் தனக்கு வரும் கையாலாகாத கோபம்தான் ஞாபகத்துக்கு வந்தது என்பது கிரீன்பெர்க் தந்த விளக்கம்.

இணையம் கொதித்தது. புகைப்படம் பற்றி எழுதும் ஒருவர், இது குழந்தை வதை, இவரைக் கைது செய்து வழக்குப் போடவேண்டும் என்றே எழுதினார். பின்னாலேயே நூற்றுக்கணக்கானவர்கள் திரண்டார்கள். மறுபக்கமும் ஆள் சேர்ந்தது: இரண்டு வயசுப் பிள்ளை ஒரு நாளைக்குப் பத்து தடவை அழும், சட்டை போட்டாலும் அழும், கழற்றினாலும் அழும், ஒரு லாலிபாப்புக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று.

இந்தச் சண்டையை இத்தனை வருஷம் கழித்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். இரண்டு தரப்பும் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு நின்றன: குழந்தைக்கு வலித்ததா, இல்லையா? இது கோர்ட்டுக் கேள்வி. ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லி முடித்துவிடலாம். அதனால்தான் இரண்டு தரப்புக்கும் அது வசதியாக இருந்தது. ஆனால் படத்தைப் பற்றிய கேள்வி இது இல்லை.

முதலில் படத்தையே பார்ப்போம். உண்மையில் அழும் குழந்தை எப்படி இருக்கும்? மூக்கு ஒழுகும். வாயோரம் எச்சில் நூலாகத் தொங்கும். முகம் திட்டுத்திட்டாகச் சிவக்கும். கை சும்மா இருக்காது. கண்ணைக் கசக்கும், அம்மாவைத் தேடும். கிரீன்பெர்கின் படங்களில் அழுகை உண்மை. ஆனால் அதன் மேல் விழுந்த வெளிச்சமும் அதற்குப் பிறகு நடந்த டச்சப்பும் விளம்பர உலகத்தைச் சேர்ந்தவை. தோல் பீங்கான் மாதிரி வழவழக்கிறது. கண்ணீர்த்துளி, குளிர்பான விளம்பரத்தில் பாட்டில் மேல் முத்துமுத்தாக நிற்கிற தண்ணீர் மாதிரி இருக்கிறது. ஒரு நிஜ அழுகையை வரவழைத்துவிட்டு, அதில் நிஜமாக இருந்ததையெல்லாம் துடைத்து எடுத்துவிட்டார்கள். அப்படியானால் அழவைத்தது எதற்கு?

குழந்தை கொடுத்த விலை சின்னதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சின்ன விலைக்கும் படம் கணக்குக் காட்டவில்லை. என் புகார் இதுதான். அறம் வேறு, அழகியல் வேறு என்று இங்கே பிரித்துப் பேச முடியாது. ஒருவரிடமிருந்து ஒன்றை எடுத்து அதை வீணாக்கினால், வீணாக்கியது கலைக்குற்றம் மட்டும் அல்ல. அவருக்கே செய்த குற்றமும்தான்.

அடுத்தது தலைப்பு. குழந்தை அழுதது லாலிபாப்புக்காக. அதற்கு அது பெரிய விஷயம். கையில் இருந்த இனிப்பை, நம்பின பெரியவர் ஒருவர் காரணம் சொல்லாமல் பிடுங்கினால் வருகிற துக்கம் சாதாரணத் துக்கமா? அதையே விஷயமாக எடுத்துக்கொண்டு படம் பேசியிருக்கலாம். தலைப்பு அதைச் செய்யவில்லை. உன் அழுகைக்குச் சொந்தக் காரணம் போதாது, நான் ஒரு பெரிய காரணம் தருகிறேன் என்கிறது. தனக்குத் தெரியாத ஒரு வழக்கில் குழந்தையைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுகிறது.

சினிமாவில் குழந்தைகளை அழவைப்பதில்லையா என்று அப்போதே கேட்டார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வி கிரீன்பெர்கை விடுவிக்காது. சினிமாவையும் கூண்டில் ஏற்றும், அவ்வளவுதான். ஒரு வித்தியாசமும் இருக்கிறது. கதையில் அழும் குழந்தை ஒரு பாத்திரம், அந்த அழுகை கதைக்குச் சொந்தம் என்று பார்க்கிறவருக்குத் தெரியும். புகைப்படம் அந்த மறைப்பைத் தருவதில்லை. இது இந்தக் குழந்தை, இது இதன் முகம் என்றே அது சொல்கிறது.

இணையக் கூட்டத்துக்கும் நியாயம் செய்யவேண்டும். அவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். படம் எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்டார்கள். கலைக்கூடத்துச் சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்து, வண்ணம், வடிவம், அதற்கு முந்தைய படைப்புகள் என்று பேசுபவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமலே தாண்டிப் போய்விடுவதுண்டு. புகைப்படம் என்பது ஒரு பொருள் மட்டும் அல்ல, இரண்டு பேருக்கு நடுவில் நடந்த ஒரு சம்பவமும்கூட. அதை ஞாபகப்படுத்தியவர்கள், கலை படிக்காத சாதாரண அப்பா அம்மாக்கள்.

அதற்கப்புறம் அவர்கள் செய்ததுதான் சிக்கல். கண்டிக்கிறேன் என்று சொல்லி அதே படங்களைப் போட்டுப் பரப்பினார்கள். ஒரு ஊரில், ஒரு கலைக்கூடத்துக்கு வந்தவர்கள் மட்டும் பார்த்திருக்கவேண்டிய முகங்களை உலகமே பார்த்தது. குழந்தையின் அழுகையைத் தன் கோபத்துக்குக் கொடியாகப் பிடித்தார் கிரீன்பெர்க். கண்டித்தவர்களும் அதே முகத்தைத் தங்கள் கோபத்துக்குக் கொடியாகப் பிடித்தார்கள். கோபம் நியாயமானதாகவே இருக்கட்டும், கொடி அதேதானே? (இந்தப் பதிவில் படம் எதையும் நான் இணைக்காததற்குக் காரணம் இதுதான்.)

இது நமக்கு எங்கேயோ நடந்த சங்கதி இல்லை. 2018 ஜூலையில் வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ நிறுவனத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இத்தாலியப் புகைப்படக்காரர் அலெசியோ மாமோ ஒரு வரிசையை வெளியிட்டார். பெயர் 'ட்ரீமிங் ஃபுட்'. உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசக் கிராமங்களில் எடுத்தது. துணி விரித்த மேஜை, அதன் மேல் பழமும் கறியுமாக உணவு. அத்தனையும் போலி. மேஜைக்குப் பின்னால் ஏழைகள், குழந்தைகளும் சேர்த்து, இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். உங்கள் மேஜையில் என்ன உணவு இருந்தால் நன்றாயிருக்கும் என்று கனவு காணுங்கள் என்று அவர்களிடம் சொல்லப்பட்டதாம். இணையம் எரிந்தது. மாமோ வருத்தம் தெரிவித்தார். உணவை வீணாக்கும் மேற்கத்தியர்களை உறுத்தவைப்பதுதான் நோக்கம் என்றார்.

இங்கும் கணக்கு அதேதான். பிடுங்கியது லாலிபாப் இல்லை, கொடுத்ததே பொய்ச்சோறு. யாருடைய மனச்சாட்சியை உறுத்துவதற்கு யார் முகம்? மேற்கத்தியரின் குப்பைத்தொட்டியைப் பற்றிப் பேச மத்தியப்பிரதேசத்துப் பிள்ளை எதற்கு வந்து நிற்கவேண்டும்? கொதித்தவர்கள் சொன்னது சரி. ஆனாலும் அந்தக் கொதிப்பிலும் மேஜைக்குப் பின்னால் நின்றவர்களின் குரல் இல்லை. அவர்களுக்காகப் பேசினோம், அவர்களிடம் பேசவில்லை.

இப்படிப் படமாக்கப்பட்ட ஒருவர் வாய் திறந்தால் என்ன சொல்வார்? அதற்கும் உதாரணம் இருக்கிறது. 1936-இல் கலிஃபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில் டோரதியா லாங் எடுத்த 'மைக்ரண்ட் மதர்' படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. லாங் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. படம் பத்திரிகையில் வந்ததும் முகாமுக்கு அரசாங்கம் உணவு அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் வேறு இடத்துக்குப் போய்விட்டிருந்தது. அவர் பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 42 வருஷம் கழித்து, 1978-இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம், அதனால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவர் சொன்னார். 1983-இல் அவர் நோயில் விழுந்தபோது குடும்பம் உதவி கேட்டது. முப்பதாயிரம் டாலருக்கு மேல் வந்து சேர்ந்தது, கூடவே கடிதங்களும். அதுவரைக்கும் அந்தப் படத்தை அவமானமாக நினைத்த பிள்ளைகள் அதன் பிறகுதான் பெருமையாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு படம் செய்கிற நல்லது கெட்டதை முதல் வாரக் கூச்சலில் கணக்குப் பார்த்து முடிக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

இந்த மாதிரிப் படங்களுக்கு நான் ஒரு சோதனை வைத்துக்கொண்டிருக்கிறேன். படத்தின் தலைப்பைப் படத்தில் இருக்கிறவரிடம் உரக்கப் படித்துக் காட்ட முடியுமா? 'புலம்பெயர்ந்த தாய்' என்று தாம்சன் முகத்துக்கு நேராகச் சொல்லலாம். அவர் அதுதான். அப்படிச் சொன்ன பிறகும் அவருக்கு வருத்தம் இருந்தது. ஆகவே இந்தச் சோதனையில் தேறுவது போதாது, ஆனால் அது குறைந்தபட்சம். 'ட்ரீமிங் ஃபுட்' என்பதைப் பசித்தவரிடம், போலிக் கோழிக்கு முன்னால் நிறுத்திவைத்து, மொழிபெயர்த்துச் சொல்லிப் பாருங்கள். 'ஃபோர் மோர் இயர்ஸ்' என்று இரண்டு வயசுக் குழந்தையிடம் சொல்லிப் பாருங்கள். அது உங்கள் கையைத்தான் பார்க்கும், லாலிபாப் இருக்கிறதா என்று.

அப்படியானால் கேலிச்சித்திரம் எல்லாம் தப்பா என்று கேட்பீர்கள். இல்லை. அதற்கும் கிரீன்பெர்கிடமே உதாரணம் இருக்கிறது. 2008-இல் 'அட்லாண்டிக்' பத்திரிகை அட்டைக்காக, அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்னை எடுத்தார். எடுக்கும்போதே, கீழிருந்து வெளிச்சம் விழுகிற மாதிரி ஒரு விளக்கை வைத்து, அவருக்குத் தெரியாமல் அவரைப் பேய்க்கதை வில்லனாக்கி, அதையும் வெளியில் பெருமையாகச் சொன்னார். அந்தப் படங்களில் இன்னும் கைவேலை செய்து தன் இணையதளத்தில் போட்டார். பத்திரிகை ஆசிரியர் மெக்கெய்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது. வேலை கொடுத்தவரை ஏமாற்றியது தொழில்முறையில் தப்பு. ஆனால் மெக்கெய்ன் தேசத்தையே ஆளக் கேட்டு வந்தவர். அவருக்கு மேடை இருந்தது, பேச ஆள் இருந்தது, பதில் சொல்ல வாய் இருந்தது. அவர் முகத்தை வைத்து அரசியல் பேசினால் அது அவருடைய அரசியல்தான். இணையம் இரண்டு தடவையும் ஒரே அளவு சத்தம் போட்டது. இரண்டும் ஒன்றல்ல. வாய் இருப்பவரைக் கேலி செய்வதும், பேச வாய்ப்பில்லாதவர் வாயில் நம் வசனத்தைத் திணிப்பதும் ஒரே எடையா?

அந்தக் குழந்தைகளுக்கு இப்போது இருபது வயசு தாண்டியிருக்கும். ஓட்டுப் போடும் வயசு. அமெரிக்க அரசியலைப் பற்றி அவர்களுக்குச் சொந்தமாகவே ஒரு கருத்து இருக்கலாம். குடியரசுக் கட்சிக்காரர்களாகவும் இருக்கலாம், யார் கண்டது? அப்படி ஒருவர், தன் மூன்று வயசு முகத்துக்குக் கீழே 'கிராண்ட் ஓல்ட் பார்ட்டி' என்ற பெயரைப் பார்த்து, இந்த அழுகை என்னுடையது, இந்த அர்த்தம் என்னுடையது இல்லை என்று சொன்னால், கலைக்கூடத்திடமும் பதில் இருக்காது, கைது செய் என்று கத்தியவர்களிடமும் இருக்காது.