பதிவாகாத பிடில்

புளூகிராஸ் எனக்கு அறிமுகமானது கோயன் சகோதரர்களின் ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ (2000) படப்பாடல்கள் வழியாக. அதிலிருந்து பழைய பதிவுகளுக்குப் போனேன். பேஞ்சோவும் பிடிலும் மேண்டலினும் ஒன்றையொன்று துரத்தும். மேலே மூக்கும் தொண்டையும் சேர்ந்து இழுக்கும் ஓர் உச்சக்குரல். டிரம்ஸ் கிடையாது. அப்பலாச்சிய மலைக்குடிசைத் திண்ணைகளில் முன்னூறு வருஷமாக இப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். நண்பர்களிடம் ‘கலப்படமில்லாத மண்ணின் இசை’ என்று சிபாரிசும் செய்தேன். இன்று அந்தச் சொற்கள் எனக்குக் கூச்சம் தருகின்றன. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வயதுக் கணக்கு. புளூகிராஸ் பேசும்படத்தைவிட இளையது. அதன் பிதாமகர் பில் மன்றோ 1911இல் கென்டக்கியின் ரோஸைன் என்ற சிற்றூரில் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. பிடிலையும் கிடாரையும் அண்ணன்கள் எடுத்துக்கொள்ள, மிச்சமிருந்த மேண்டலின் இவர் கைக்கு வந்தது. பிழைப்புக்காக இண்டியானா போய் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்தார். 1939இல் நாஷ்வில்லின் ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ வானொலி நிகழ்ச்சியில் சேர்ந்தபோது அவர் குழுவின் பெயர் ‘புளூ கிராஸ் பாய்ஸ்’. கென்டக்கியின் செல்லப்பெயரிலிருந்து எடுத்தது. 1945 கடைசியில் பேஞ்சோக்காரர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் வந்து சேர்ந்தார். இன்று நாம் புளூகிராஸ் என்று சொல்லும் ஒலி, 1946 செப்டம்பரில் சிகாகோவில் நடந்த ஒலிப்பதிவுகளில்தான் முழுசாகக் கேட்கிறது. குழுவின் பெயர் இசைவகையின் பெயராக ஆனது 1950களில். ஆக, இது ஊரைவிட்டுப் போனவர்கள் ஊரை நினைத்து, நகரத்து ஸ்டூடியோவிலும் வானொலியிலும் உருவாக்கிய இசை.

அந்தப் பதிவுகளைக் கேட்டுப் பாருங்க. டிரம்ஸ் இல்லாத குறையே தெரியாது. மன்றோவின் மேண்டலின் எதிர்த்தட்டில் ‘சக்’ ‘சக்’ என்று வெட்டி அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஸ்க்ரக்ஸ் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் மாற்றி மாற்றி உருட்டுகிறார்; மெட்டு அந்த உருளலுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறது. ஒருவர் முன்னால் வந்து வாசித்துவிட்டு விலக, அடுத்தவர் வருகிறார். ஜாஸ் குழுக்களின் பழக்கம் இது. நாட்டார் இசை ஆய்வாளர் ஆலன் லோமாக்ஸ் 1959இல் ‘எஸ்குயர்’ இதழில் எழுதியபோதே புளூகிராஸை வேகம் கூட்டிய நாட்டார் இசையாகத்தான் அறிமுகப்படுத்தினார்.

சரி, வேர்கள் பழசுதானே? பழசுதான். யாருடைய வேர்கள் என்பதில்தான் சிக்கல். பேஞ்சோவையே எடுத்துக்கொள்வோம். மேற்கு ஆப்பிரிக்கச் சுரைக்குடுக்கை வாத்தியங்களின் வழிவந்தது அது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கரீபியத் தீவுகளிலும் அமெரிக்கத் தோட்டங்களிலும் அதை உருவாக்கினார்கள். கட்டைவிரலால் மீட்டும் அந்தக் குட்டைத் தந்தி அங்கிருந்தே வருகிறது. 1830, 40களில் முகத்தில் கரி பூசிக்கொண்டு மேடையேறிய வெள்ளைக்காரக் கலைஞர்கள் அதைப் பிரபலமாக்கினார்கள். நூறு வருஷத்தில் அது வெள்ளை மலைவாசியின் அடையாளமாகிவிட்டது.

எப்படி? ஒரு காரணம், சேகரித்தவர்கள். 1916 முதல் 1918 வரை அப்பலாச்சியாவில் அலைந்த செசில் ஷார்ப், இங்கிலாந்தின் பழைய கதைப்பாடல்களைத் தேடினார். தேடியது கிடைத்தது. இன்னொன்று, வியாபாரம். 1920களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் கறுப்பர்களின் இசையை ‘ரேஸ்’ என்றும் வெள்ளையர்களின் கிராமிய இசையை ‘ஹில்பில்லி’ என்றும் இரண்டு பட்டியல்களாகப் பிரித்து விற்றன. ஊரில் சேர்ந்து வாசித்தவர்கள் கடை அலமாரியில் பிரிந்துபோனார்கள். கார்ட்டர் குடும்பத்தின் ஏ. பி. கார்ட்டர் பாட்டுத் தேடி ஊர் ஊராகப் போனபோது கூடவே போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பின கிடார்க்காரர். கார்ட்டர் வரிகளைக் குறித்துக்கொள்வார், ரிடில் மெட்டை மனதில் வாங்கிக்கொள்வார். இசைத்தட்டில் கார்ட்டர் பெயர் மட்டும்தான் இருந்தது.

என்னை ரொம்பத் தொந்தரவு செய்வது ஆர்னால்ட் ஷுல்ட்ஸின் கதை. மன்றோவின் பகுதியிலேயே வாழ்ந்த கறுப்பினக் கலைஞர். கிடாரும் பிடிலும் வாசிப்பார். இளம் மன்றோ நடன விருந்துகளில் ஷுல்ட்ஸின் பிடிலுக்கு கிடார் வாசித்திருக்கிறார். தன் இசைக்குள் ப்ளூஸ் வந்த வழிகளில் ஒன்றாக மன்றோவே பிற்பாடு அவரைச் சொன்னார். ஷுல்ட்ஸ் 1931இல் இறந்துபோனார். அவர் வாசித்த ஒரு நிமிஷம்கூட எந்த இசைத்தட்டிலும் இல்லை.

இதைத் தெரிந்துகொண்டதும் எனக்குக் கோபம் வந்தது. ‘எல்லாம் திருட்டு’ என்று எழுதிவிடலாம், கைத்தட்டலும் கிடைக்கும். ஆனால் அது பழைய தப்பையே திருப்பிப் போடுவது. தாய்மாமன் பென் வாண்டிவரின் பிடிலும் மன்றோவுக்குள் இருக்கிறது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து நடனமெட்டுகளும் தேவாலயச் சேர்ந்திசையும் இருக்கின்றன. மன்றோ ஷுல்ட்ஸை மறைக்கவில்லை. மறைத்தது, ‘தூய்மை’யைத் தேடிய காதுகள். அதில் என் காதும் உண்டு.

2005இல் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பின பேஞ்சோ கலைஞர்களின் கூடுகை ஒன்று நடந்தது. அதையொட்டி உருவான ‘கரோலினா சாக்லேட் டிராப்ஸ்’ குழுவின் இளைஞர்கள், எண்பது வயது தாண்டிய பிடில் கலைஞர் ஜோ தாம்ப்சனின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். குழுவில் ஒருவரான ரியானன் கிடென்ஸ் வாசிக்கும் பேஞ்சோவை முதன்முறை கேட்டபோது எனக்கு அந்நியமாக இருந்தது: மெதுவாக, அடித்தொண்டையில் பேசுவதுபோல. ஸ்க்ரக்ஸின் வேகத்துக்கு முந்தைய பேஞ்சோ இப்படித்தான் பேசியிருக்கும் என்று பிறகுதான் உறைத்தது.

இப்போதும் 1946 பதிவுகளைக் கேட்கிறேன். மேண்டலின் ஒரு சுரத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி வளைக்கும் இடங்களில் நிறுத்தி, திரும்பப் போடுகிறேன். ஷுல்ட்ஸைக் கேட்கிறேனா, கேட்க ஆசைப்படுகிறேனா என்று எனக்கே சந்தேகம் வரும். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். நண்பர்களிடம் இப்போதும் சிபாரிசு செய்கிறேன், ‘மண்ணின் இசை’ என்று மட்டும் சொல்வதில்லை. ஷுல்ட்ஸின் பெயரைச் சொல்லிவிட்டு அப்புறம் பாட்டைப் போடுகிறேன்.