வெடிப்பை மறைக்காத தச்சர்

கோனாய்டு நாற்காலியை முதன்முறை பார்ப்பவர் உட்காரச் சற்றுத் தயங்குவார். முன்னங்கால்களே கிடையாது. தரையோடு நீளும் இரு கட்டைகளிலிருந்து எழும் இரண்டு கால்களே மேலேறி முதுகுச் சாய்வையும் தாங்குகின்றன. இருக்கை முன்பக்கம் அந்தரத்தில் நிற்கிறது. ஆனால் கவிழாது. இதை 1960-இல் வடிவமைத்த ஜார்ஜ் நகாஷிமா, படிப்பால் கட்டடக் கலைஞர். பாரம் எங்கே இறங்கும் என்ற கணக்கு அவருக்கு அத்துப்படி.

1905-இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில், ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். டோக்கியோவில் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்தில் சேர்ந்தார். அங்கிருந்து 1937-இல் பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு வந்தது, அரவிந்தர் ஆசிரம விடுதியான கோல்கொண்டாவைக் கட்ட. வந்த இடத்தில் சம்பளம் வேண்டாமென்று சொல்லிச் சீடராகிவிட்டார்!

கோல்கொண்டா பூச்சற்ற கான்கிரீட் கட்டடம். அதில் கண்ணாடி ஜன்னலைத் தேட வேண்டாம். வடக்கிலும் தெற்கிலும் சுவர் முழுக்கத் திருப்பக்கூடிய சிமென்ட் தகடுகள். வேண்டியபடி திருப்பினால் காற்று வரும், வெயில் வராது. அறைக்கதவுகள் தேக்குச் சட்டங்களால் ஆன நகரும் கதவுகள். மூடினாலும் காற்று நிற்பதில்லை. உள்ளே போடுவதற்கான தேக்குச் சாமான்களையும் நகாஷிமாவே வரைந்தார்.

பின்னர் அமெரிக்கா திரும்பிய அவரைப் போர் வேறு பள்ளிக்கு அனுப்பியது. 1942-இல் ஜப்பானிய வம்சாவளியினரோடு மனைவி, கைக்குழந்தை சகிதம் ஐடஹோவின் மினிடோகா முகாமில் அடைக்கப்பட்டார். ஜப்பானிய மரபில் தேர்ந்த கெந்தாரோ ஹிகோகாவா என்ற தச்சர் அங்கே இருந்தார். கிடைத்த துண்டு மரங்களில் அவரிடம் நகாஷிமா கற்றது, எந்தக் கல்லூரியும் தராத பாடம். மறு ஆண்டு ரேமண்டின் முயற்சியால் விடுதலையாகி, பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை போட்டார்.

அவர் மேசைகளில் பலகையின் விளிம்பு மரம் வளர்ந்தபடியே நெளிந்திருக்கும். கணுவும் வெடிப்பும் கண்ணுக்கு நேரே தெரியும். வெடிப்பின் குறுக்கே, நடுவில் இடுங்கிய பட்டாம்பூச்சி ஆப்பை இறக்குவார். வெடிப்பு மேலும் விரியாமல் அது பிடித்துக்கொள்ளும், அலங்காரமும் அதுவே. இன்று வெடிப்பில் நீல நிற ரெசினை ஊற்றிப் பளபளக்கவிடும் மேசைகள் இந்தப் பரம்பரை என்றே விற்கப்படுகின்றன. மரத்துக்கு அங்கே பேச இடமில்லை.

ஒவ்வொரு கண்டத்துக்கும் ஓர் அமைதி மேசை என்பது அவர் பெருங்கனவு. முதலாவது 1986-இல் நியூயார்க்கின் செயின்ட் ஜான் பேராலயத்தில் அமர்ந்தது. 1990-இல் அவர் காலமான பின், மகள் மீராவின் பொறுப்பில் பட்டறை தொடர்ந்தது. 1996-இல் ஆசியாவுக்கான மேசை ஆரோவில் வந்தது. பிரமாண்டமானவைதான். ஆனாலும் அவர் திறமையின் உச்சம், அந்த இரண்டு கால் நாற்காலிதான்.