81ஏ

நாய்க்காகத்தான் அந்தப் புத்தகத்தை வாங்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அடுக்ககத்தின் பைக் ஸ்டாண்டில் படுத்துக் கிடக்கும் நாய் அந்த வாரம்தான் செத்திருந்தது. ராபர்ட் வைன்ட்ராப் எழுதி 2015இல் வந்த 'நோ பெட்டர் ஃப்ரெண்ட்' ஒரு நாயையும் ஒரு போர்க்கைதியையும் பற்றியது என்று யாரோ சொன்னார்கள். போர், ஜப்பானியச் சிறைமுகாம் எல்லாம் எனக்கு அப்போது இரண்டாம்பட்சம். இரண்டே இரவில் படித்து முடித்தேன். அழுதேன். நண்பர்களின் வாட்ஸப் குழுவில் 'கட்டாயம் படிங்க' என்று போட்டேன். ஒரு வருடம் கழித்து மறுபடி எடுத்தபோதுதான், முதல் வாசிப்பில் எதையெல்லாம் தாண்டிக்கொண்டு போயிருக்கிறேன் என்று புரிந்தது.

ஃபிராங்க் வில்லியம்ஸ் பிரிட்டிஷ் விமானப்படைக்காரர். விமானப்படை என்றதும் நமக்கு விமானிதான் ஞாபகம் வரும். இவர் ரேடார் டெக்னீஷியன். கருவிகளோடு மல்லுக்கட்டுகிறவர், ஒருவகையில் நம்ம ஆளு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழும் தறுவாயில் 'தியென் குவாங்' என்ற கப்பலில் தப்பினார். ஜப்பானிய விமானங்கள் அதைத் தாக்கின. உயிர்பிழைத்து, சுமத்ராவின் மேற்குக் கரையிலிருக்கும் பாடாங் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது கடைசிக் கப்பல் போய்விட்டிருந்தது. மார்ச்சில் ஜப்பானியர் வந்தார்கள். ஷாங்காயில் 1936இல் பிறந்து, பிரிட்டிஷ் கடற்படையின் பீரங்கிப் படகுகளில் வளர்ந்த ஜூடி என்ற பாயின்டர் நாயும், தன் கப்பல் மூழ்கி, அதே பாடாங்குக்கு மாலுமிகளோடு வந்திருந்தது. மேடான் நகரத்தின் குளுகூர் முகாமில், 1942 ஆகஸ்டில், ஃபிராங்க் தன் பங்குச் சோற்றை அதன் முன்னால் வைத்தார்.

புத்தகத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. சிறைமுகாம் நூல்கள் பெரும்பாலும் அடி, உதை, நோய் என்று அடுக்கிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் நமக்கு மரத்துப்போய்விடும். வைன்ட்ராப் சோற்றைப் பிடித்துக்கொள்கிறார். எவ்வளவு சோறு, என்ன தரம், யாருக்குப் பாதி, யாருக்கு முழுசு. ஜப்பான் 1929ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது, ஆனால் அதை உறுதிசெய்யவில்லை. அந்தச் சட்ட நுணுக்கம் ஒரு கைதியின் தட்டில் என்னவாக வந்து விழுகிறது என்பது இதைப் படிக்கும்போது புரிகிறது. அந்தக் கணக்கில் ஒரு நாய்க்குச் சோறு போடுவது சுத்தப் பைத்தியக்காரத்தனம். ஃபிராங்க் அதைச் செய்தார். அதற்குப் பிறகு அவருக்கு விடியக் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது. வைன்ட்ராப் இதை விளக்கிக்கொண்டிருக்காமல் விட்டது நல்ல முடிவு. வேறு ஆளாக இருந்தால் அன்பைப் பற்றி இரண்டு பக்கம் பேசியிருப்பார்.

அடுத்தது அந்த எண். முகாமில் காவலர்கள் எந்த நேரமும் நாயைச் சுடலாம், சமைத்துத் தின்னலாம். ஒருநாள் முகாம் தலைவர் கர்னல் பான்னோ போதையில் இருக்கும் சமயம் பார்த்து, ஜூடியின் குட்டி ஒன்றைப் பரிசாகப் பேசி, அதைக் கைதிகளின் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிக் கேட்கிறார் ஃபிராங்க். அவர் எண் 81. நாய்க்கு 81ஏ. அதிகாரபூர்வமாக ஜப்பானின் போர்க்கைதி ஆகிவிட்டது ஒரு நாய். ஒரு வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்தைச் சொருகிச் சமாளிப்பது என்னைப் போன்ற ஆட்கள் தினமும் செய்கிற வேலை என்பதால், முதல் வாசிப்பில் சத்தமாகச் சிரித்தேன்.

இரண்டாம் வாசிப்பில் சிரிப்பு வரவில்லை. இதை எழுத உட்கார்ந்தபோது ஒரு சின்னச் சிக்கல். ஆங்கிலத்தில் ஜூடியை 'ஷீ' என்றே எழுதுகிறார்கள். நான் 'அது' என்று எழுதுவதா, 'அவள்' என்றா? தமிழில் இது வெறும் நடைப் பிரச்சினை இல்லை. உயர்திணை, அஃறிணை என்று கோடு கிழித்துவைத்திருக்கும் மொழி நம்முடையது. பான்னோவின் பதிவேடு ஓர் அஃறிணையைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டது. அப்படியானால் அதே சுமத்ராவில், அதே வருடங்களில், கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளப்பட்டவர்கள் யார்?

கதை அங்கேதான் போகிறது. 1944 ஜூனில் கைதிகளை 'வான் வார்விக்' கப்பலில் சிங்கப்பூருக்கு ஏற்றுகிறார்கள். நாய் கூடாது என்று உத்தரவு. ஃபிராங்க் அதை அரிசிச் சாக்கில் போட்டுத் தோளில் சுமந்து ஏறுகிறார். அசையாமல் கிடக்க முன்பே பழக்கியிருந்தார். ஜூன் 26 அன்று பிரிட்டிஷ் நீர்மூழ்கி 'ட்ரக்குலென்ட்' அந்தக் கப்பலைத் தாக்கியது. உள்ளே எழுநூறுக்கும் மேற்பட்ட தங்கள் தரப்புக் கைதிகள் இருப்பது அதற்குத் தெரியாது. ஃபிராங்க் நாயைக் கப்பலின் வட்ட ஜன்னல் வழியாகக் கடலுக்குள் தள்ளிவிடுகிறார். சிங்கப்பூரில் மறுபடி சந்திக்கிறார்கள். நான் அழுத இடம் அது. அடுத்த அத்தியாயங்களை அந்த ஈரத்தோடேயே வேகமாகப் புரட்டியிருக்கிறேன்.

அந்த அத்தியாயங்களில் பெக்கன்பாரு ரயில்பாதை வருகிறது. சுமத்ராவின் நடுவே, காட்டையும் சதுப்பையும் வெட்டி, முவாரோ வரை 220 கிலோமீட்டர். ஐரோப்பியக் கைதிகள் சில ஆயிரம் பேர் அதில் வேலை செய்தார்கள், ஏறத்தாழ எழுநூறு பேர் அங்கே இறந்தார்கள். அவர்களுக்குப் பட்டியல் இருக்கிறது, பெயர் இருக்கிறது. கூடவே 'ரோமுஷா' என்று அழைக்கப்பட்ட ஜாவாக் கிராமத்து மக்கள். வேலை, கூலி என்று ஆசைகாட்டியும் பிடித்து இழுத்தும் கொண்டுவரப்பட்டவர்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் என்றும், எண்பதாயிரம் பேர்வரை செத்தார்கள் என்றும் சொல்லப்படும் எண்கள் எல்லாமே மதிப்பீடுகள். ஒழுங்கான பட்டியல் இல்லாத இடத்தில் மதிப்பீடுதான் இருக்க முடியும். 1945 ஆகஸ்ட் 15, ஜப்பான் சரணடைந்த அதே நாளில் பாதை முடிந்தது. பிறகு அப்படியே கைவிடப்பட்டு, காடு அதை எடுத்துக்கொண்டது.

வைன்ட்ராப் இவர்களை மறைக்கவில்லை. நியாயமாகச் சொல்லவேண்டும், குறிப்பிடத்தான் செய்கிறார். ஆனால் ரோமுஷாக்கள் அங்கே பின்னணிக் காட்சிதான். கேமரா நாயின் மேலிருந்து நகருவதில்லை. பாம்பை எதிர்க்கும் நாய், யானை எலும்பைக் கண்டெடுக்கும் நாய். இது நாய் பற்றிய புத்தகம், அப்புறம் என்ன எதிர்பார்க்கிறாய் என்று என் நண்பன் கேட்டான். சரியான கேள்வி. ஒரே புத்தகத்திடம் எல்லாவற்றையும் கேட்கிற விமர்சனம் எனக்கும் பிடிக்காது. ஆனால் பட்டியலில் ஏறிய நாயையும் ஏறாத மனிதர்களையும் சில பக்க இடைவெளியில் வைத்துக்கொண்டு, ஒரு எழுத்தாளர் அந்த இரண்டையும் ஒருமுறைகூடச் சேர்த்துப் பார்க்கவில்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது. 81ஏ அந்தப் புத்தகத்தில் ஒரு குறும்புக் கதையாகவே நின்றுவிடுகிறது. ஒரு ஆள் எப்போது ஆளாகக் கணக்கில் வருகிறான் என்ற கேள்வியாக அது மாறியிருக்கலாம். தகவல் எல்லாம் அவர் கையிலேயே இருந்தது.

எனக்கு இது உறைக்க இன்னொரு காரணமும் உண்டு. இதே போரில், இதே ராணுவம் போட்ட சயாம்–பர்மா பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் இல்லையென்றால் என்னைப் போன்றவர்களுக்கு அதுவும் தெரிந்திருக்காது. உலகத்துக்கு அந்தப் பாதை என்றால் விசிலடித்துக்கொண்டு நடக்கும் பிரிட்டிஷ் சிப்பாய்கள்தான். அந்த சினிமாவைப் பற்றிக் குறைபட்டுக்கொண்ட நானே, ஜாவாக்காரர்கள் விஷயத்தில் அதையே செய்திருக்கிறேன்.

ஃபிராங்க் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பட்டினியில் கிடந்த மனுஷன், தன்னால் முடிந்த ஒரே உயிரைக் காப்பாற்றினார். 1946இல் ஜூடிக்கு டிக்கின் பதக்கம் கொடுத்தார்கள். பிறகு அவர் டாங்கனிக்காவில் பிரிட்டிஷ் அரசின் நிலக்கடலைத் திட்டத்தில் வேலைக்குப் போனார். அதுவும் படுதோல்வியில் முடிந்த திட்டம். கூடவே போன ஜூடி 1950 பிப்ரவரியில் நச்சிங்வேயாவில் செத்துப்போனது. தன் விமானப்படைச் சட்டையைப் போர்த்திப் புதைத்து, அதன் மேல் கல்லில் ஒரு நினைவுச்சின்னம் தானே கட்டினார்.

'அது' என்றே எழுதிவிட்டேன், கவனித்திருப்பீர்கள். பல தடவை 'அவள்' என்று போட்டுப்பார்த்து அழித்தேன். குழுவில் போட்ட பழைய பரிந்துரையை அழிக்கவில்லை. அதற்குக் கீழே பெக்கன்பாரு வரும் பக்கங்களைப் படமெடுத்துப் போட்டேன். இதுவரை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள்.