பாட்டைத் தேடாதீர்கள், கொட்டுக்குக் காது கொடுங்கள்

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஆனைகட்டி தாண்டினால் அட்டப்பாடி. உடுமலைக்காரர்களுக்குச் சின்னாறு தாண்டினால் மறையூர். கம்பத்துக்காரர்களுக்கு மலை ஏறி இறங்கும் முன்பே குமுளி. மூன்று சாலைகளிலும் சனி ஞாயிறு என்றால் கார்களுக்குக் குறைவில்லை. மறையூரில் வெல்லம் வாங்குகிறார்கள், குமுளியில் ஏலக்காய் வாங்குகிறார்கள், சிறுவாணியில் கால் நனைக்கிறார்கள், பொழுது சாய்வதற்குள் கீழே இறங்கிவிடுகிறார்கள். பொழுது சாய்ந்த பிறகுதானே அங்கே பழங்குடிகளின் ஆட்டம் தொடங்குகிறது! இதே ஆட்கள் ஒரு ராத்திரி முழுக்க ஆடுவதற்காகக் கோவாவுக்கு விமானம் ஏறுவதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. கொட்டும் வட்டமும் விடியலும் நம் மலையிலேயே இருக்கின்றன. நுழைவுச்சீட்டு கிடையாது, சுவரொட்டி கிடையாது. தெரிந்தவர் சொல்லித் தெரிந்துகொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டு மாவட்டத்தின் அட்டப்பாடியில் இருளர் ஆட்டம். பெறை, தவில், கொகல் என்னும் ஊதுகருவி, ஜால்ரா. ஆணும் பெண்ணும் வட்டமாகச் சுற்றுவார்கள். இடுக்கியில் மறையூர், காந்தளூர் பக்கம் மலைப்புலையர் ஆட்டம். குமுளியில் பளியர் ஆட்டம். கட்டப்பனைக்கு அருகே கோவில்மலையில் மன்னான் கூத்து. கேரளத்தின் ஒரே பழங்குடி அரசர் இருக்கும் ஊர் அது. கல்யாணம், கோயில் நோன்பு, அறுவடை, சில சமூகங்களில் சாவு என எல்லாவற்றுக்கும் ஆட்டம் உண்டு. இவர்கள் பேசுகிற மொழிகள் தமிழுக்கு நெருங்கிய உறவு. மொழி தெரியாதே என்று ஒதுங்குவதற்குத் தமிழனுக்கு வழியே இல்லை.

இனி நான் சொல்ல வந்தது. இந்த ஆட்டங்களை இனம் வாரியாகவோ மாவட்டம் வாரியாகவோ பிரித்துப் படித்தால் ஒன்றும் புரியாது. பாட்டு தூக்கிச் செல்லும் ஆட்டம், கொட்டு தூக்கிச் செல்லும் ஆட்டம் என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். இந்த ஒரு பிரிவினை காதில் ஏறிவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

மன்னான் கூத்தை எடுத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிற மக்கள், கோவலன் கண்ணகி கதையை இரவு முழுக்கப் பாடி ஆடுகிறார்கள். அங்கே கால்களை நடத்துவது கதை. அடி முடிகிற இடத்தில் கால் திரும்பும், கதை துயரத்துக்குள் போனால் ஆட்டமும் கூடவே போகும். இருளர் ஆட்டத்திலும் பெரும்பாலும் பாட்டுதான் தூக்கிச் செல்கிறது. ஒருவர் சின்ன அடி ஒன்றை எடுத்துக்கொடுக்க, வட்டம் அதை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். கரடியை விரட்டுவதை ஆடிக்காட்டுகிற ஏலேலக்கரடி ஆட்டத்தில் இப்படி எடுத்துக்கொடுக்கும் கூவல்தான் உயிர். இந்த வகையை ரசிப்பது நமக்குச் சுலபம். பிறந்ததிலிருந்து பாட்டு கேட்டு வளர்ந்த காது நம்முடையது.

மறையூர் மலைப்புலையர் ஆட்டமோ கொட்டு தூக்கிச் செல்வது. அதில் பாட்டே கிடையாது. சிக்குவாத்தியம், கிடிமுட்டி, கட்டவாத்தியம், உறுமி, குழல். அவ்வளவுதான். ஒரு வரி இல்லை, ஒரு சொல் இல்லை. நம் ஆட்கள் கை கட்டி நின்று பத்து நிமிடத்தில் சலித்துப்போவது இங்கேதான். “ஒரே மாதிரி அடிச்சுக்கிட்டே இருக்காங்களே” என்பார்கள். பல்லவி வரும், சரணம் வரும் என்று சினிமாவில் பழகிய காது காத்துக்கொண்டிருக்கிறது. அது வராது. காத்திருப்பதை நிறுத்துகிற நொடியில்தான் ஆட்டம் உங்களுக்குத் திறக்கிறது.

எப்படிக் கேட்பது? முதலில் குழலை விட்டுவிடுங்கள். ராகம் போல ஏதோ ஒன்று அதில் இருப்பதால் காது அதைத்தான் ஓடிப்போய்ப் பிடிக்கும். உறுமிக்கு வாருங்கள். ஒரு முகத்தில் அடி, மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பு. அந்தத் தேய்ப்பில் வருகிற உறுமல் அடிக்கும் அடிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பசை போல ஒட்டிக்கொண்டே போகும். அதைப் பிடித்த பிறகு மற்ற வாத்தியங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்துகொண்டு வெகுநேரம் கேளுங்கள், பிறகு இன்னொன்று. கடைசியாகக் கால்களைப் பாருங்கள். பாட்டு இல்லாத இடத்தில், இப்போது திரும்பு என்று அவர்களுக்கு யார் சொல்கிறார்கள்? கொட்டில் ஒரு சின்ன மாற்றம் வருகிறது, உங்கள் காதுக்கு எட்டாத அதை வட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் கேட்டுத் திரும்புகிறது. மெதுவாகத் தொடங்கி மெல்ல மெல்ல ஏறுகிற அந்த ஏற்றத்தில் ஒரு கட்டத்தில் நீங்களும் திருப்பத்தை முன்கூட்டியே உணர்வீர்கள். அந்த இரவுக்குப் பிறகு நீங்கள் வேறு ரசிகர்.

பாட்டில்லாத கொட்டின் மேல் உலகம் முழுக்க ஒரு வெறுப்பு உண்டு. வெளிநாட்டில் அந்தக் கொட்டு வளர்ந்த கதையைப் பாருங்கள். நியூயார்க்கில் டேவிட் மன்குசோ 1970 பிப்ரவரி 14 அன்று தன் வீட்டிலேயே ஓர் ஆட்ட இரவைத் தொடங்கினார். அழைக்கப்பட்டவர்கள் மட்டும் வரலாம், மது விற்பனை இல்லை, விடிய விடிய ஆட்டம். 1977இல் சிகாகோவின் வேர்ஹவுஸ் விடுதியில் ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டு சுழற்ற வந்தார். அங்கே ஆடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், தன்பாலீர்ப்பினர்; வேறெங்கும் நிம்மதியாக ஆட முடியாதவர்கள். அங்கே உருவான கொட்டு கடல் தாண்டிப் பிரிட்டனின் வயல்வெளிகளுக்குப் போனபோது, 1994இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டமே போட்டது. திரும்பத் திரும்ப வரும் தாளம் என்று அந்த இசைக்குச் சட்டத்தில் இலக்கணம் எழுதி, திறந்தவெளியில் அதற்கு ஆடக் கூடுபவர்களைக் கலைக்கப் போலீசுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். நம் நாட்டிலும் கதை இதுதான். பம்பாயில் சரண்ஜித் சிங் 1982இல் பத்து ராகங்களை இயந்திரத் தாளத்தின் மேல் ஓடவிட்டு ஓர் இசைத்தட்டு போட்டார். யாரும் சீந்தவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் வாய் பிளந்தது. எல்லாரும் அதில் பாட்டைத் தேடியிருப்பார்கள் என்பது என் துணிபு.

மேலோட்டமான ரசனை எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரிசார்ட்டில் தீமூட்டி அரை மணி நேரம் காட்டுகிற ‘பழங்குடி நடனம்’ மேலோட்டம். சாப்பாட்டு நேரத்தில் ஏற்றம் வராது. எட்டு விநாடி உறுமியை ஒலிக்கவிட்டு அதன் மேல் கிடாரை ஊற்றி ‘மண்ணின் இசை’ என்கிற சினிமாக்காரர்களும் அப்படித்தான். எந்த ஆட்டத்தைக் கண்டாலும் வளமைச் சடங்கு என்று முத்திரை குத்திவிட்டுத் தூங்கப் போகிற ஆய்வாளர்களைப் பற்றி என்ன சொல்ல! அவர்களில் எத்தனை பேர் விடியும்வரை நின்றிருக்கிறார்கள்?

அட்டப்பாடியின் இருளர் பாடகி நஞ்சியம்மா ‘அய்யப்பனும் கோஷியும்’ மலையாளப் படத்தில் பாடியதற்கு 2022இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது, முறையாகச் சங்கீதம் படித்தவருக்குக் கிடைக்க வேண்டியது என்று சில இசைக்கலைஞர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களுக்கு வட்டம் தெரியாது. பாட்டு தூக்கிச் செல்லும் ஆட்டத்தில் ஒரு குரலுக்கு ஒரே பரீட்சைதான்: அது எடுத்துக்கொடுப்பதை ஊர் வாங்கிக்கொள்கிறதா? நஞ்சியம்மாவின் குரலைக் கேட்டதும் நம் வாய் தானாகத் திரும்பச் சொல்கிறதே, அதற்குமேல் என்ன தேர்ச்சி வேண்டும்?

2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரளப் பள்ளிக் கலோத்சவத்தில் முதல்முறையாக ஐந்து பழங்குடிக் கலைகளைப் போட்டியில் சேர்த்தார்கள். இருளர், மலைப்புலையர், பளியர் என மூன்று ஆட்டங்கள் நம் எல்லை மலைகளிலிருந்து போனவை. அந்தப் பிள்ளைகள் மேடையேறியதில் எனக்கு மெய்யாகவே மகிழ்ச்சி. ஆனால் நடுவர்களைப் பார்த்து ஆடப் பழகுகிற வட்டத்துக்கு முன்பக்கம் ஒன்று முளைத்துவிடுகிறது. ஊரில் அந்த வட்டத்துக்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. ஆடுகிறவர்களும் ஆடி ஓய்ந்தவர்களும் மட்டுமே. மேடையில் பார்த்துவிட்டேன், போதும் என்று சொல்பவர்கள் பாதிகூடப் பார்க்கவில்லை.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், போவதானால் இப்படிப் போங்கள். ஊரில் யாரையாவது முன்பே அறிந்துகொண்டு, ஊர்த் தலைவரான மூப்பனிடம் கேட்டுவிட்டுப் போங்கள். சாவு வீட்டு ஆட்டத்துக்குக் கூப்பிடாமல் போகாதீர்கள். புட்டி எடுத்துப் போகாதீர்கள். அட்டப்பாடி 1996 முதல் மதுவிலக்குப் பகுதி, அந்த மதுவிலக்குக்காகப் பாடுபட்டவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். கைபேசியைப் பைக்குள் வையுங்கள். யாராவது கையைப் பிடித்து இழுத்தால் வெட்கப்படாமல் வட்டத்தின் வாலில் சேர்ந்துகொள்ளுங்கள். தப்பாக ஆடினால் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். பாதியில் கிளம்பினால்தான் வருத்தப்படுவார்கள்.

வருகிற சிவராத்திரிக்கு அட்டப்பாடியின் மல்லீஸ்வரன் கோயிலிலிருந்து தொடங்குங்கள். விரதம் இருந்த முடுகர் பழங்குடி இளைஞர்கள் மலையுச்சிக்கு விளக்கேற்ற ஏறுகிற இரவு அது, கீழே கூட்டத்தில் புதியவருக்கும் இடம் உண்டு. மறையூரை அதற்கடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில்லாத ஆட்டத்துக்குக் காது கொஞ்சம் பழகியிருக்க வேண்டும். சால்வை அவசியம். இரவோடு இரவாகச் சின்னாறு வழியே திரும்ப நினைக்காதீர்கள், சாலையில் யானை நிற்கும். விடிந்த பிறகு கிளம்புங்கள்.